45 நாள் ஊசி முதல் ஒன்பதாம் மாத ஊசி வரை

ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கைக்குழந்தைத் தடுப்பூசி பற்றியவை. குழந்தை நல மருத்துவரும் சமுதாய சுகாதார செவிலியரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

எங்களுக்கு முதல் குழந்தை. அரசு மருத்துவமனையில் பிரசவம். கார்டில் பி.சி.ஜி., ஓ.பி.வி., பென்டா, பி.சி.வி., எஃப்.ஐ.பி.வி. என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. எது எதற்கு, எப்போது?
— வாசகி, தங்கச்சிமடம்

பிறந்தவுடன் மூன்று. முதலாவது மஞ்சள் காமாலை பி வகைக்கான ஊசி. 24 மணி நேரத்துக்குள் இடது தொடையில் 0.5 மி.லி. போட வேண்டும். தாயின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்தால் பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் குழந்தைக்குத் தொற்றும் என்பதால் இந்த அவசரம். இரண்டாவது, காசநோய்க்கான பி.சி.ஜி. இது இடது மேற்கையில், தோலுக்குள். ஒரு மாதத்துக்குள் போட்டால் 0.05 மி.லி., அதற்குப் பிறகு 0.1 மி.லி. மூன்றாவது, ஓ.பி.வி. என்ற போலியோ சொட்டு மருந்து 2 துளி. கார்டில் இதை ‘0’ தவணை என்று எழுதியிருப்பார்கள். பிறந்த 15 நாளுக்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஊரில் எல்லோரும் 45 நாள் ஊசி என்று சொல்வது. கணக்குப்படி 6 வாரம், அதாவது 42 நாள் முடிந்தால் போதும். அன்று மூன்று ஊசி, வாய்வழி இரண்டு மருந்து. இடது தொடையில் பென்டா 0.5 மி.லி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொண்டுவரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் அது ஒன்றே போதும். வலது தொடையில் நிமோகாக்கல் ஊசி, அதுதான் பி.சி.வி. வலது மேற்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. போலியோ ஊசி, அதுதான் எஃப்.ஐ.பி.வி. வாயில் போலியோ சொட்டும், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான மருந்தும்.

75 நாளில் (10 வாரம்) பென்டா ஒன்றுதான் ஊசி. கூடவே இரண்டு வாய்வழி மருந்துகளும் உண்டு. 105 நாளில் (14 வாரம்) 45 நாளில் போட்ட எல்லாமே மறுபடியும். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசி வலது மேற்கையில், பி.சி.வி. ஊக்கத் தவணை வலது தொடையில், மூன்றாவது போலியோ ஊசி இடது மேற்கையில், வைட்டமின் ஏ திரவம் 1 மி.லி. மூன்றாவது போலியோ ஊசி 2023 ஜனவரியில்தான் சேர்ந்தது. அதனால் மூத்த பிள்ளையின் கார்டில் அது இருக்காது, குழம்ப வேண்டாம்.

நம் மாநிலத்தில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். ஆகவே தேதியைப் புதனோடு பொருத்திக் குறித்து வையுங்கள். 2026 ஜனவரி 7, புதன்கிழமை பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்வோம். 6 வாரம் பிப்ரவரி 18, 10 வாரம் மார்ச் 18, 14 வாரம் ஏப்ரல் 15, ஒன்பது மாதம் நிறைவது அக்டோபர் 7. எல்லாமே புதன்தான். ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் நாள். விசைப்படகுக் குடும்பமானால் அன்று அப்பாவும் கூட வரலாம். மூன்று ஊசி போடும் நாளில் குழந்தையைப் பிடிக்க இரண்டு பேர் இருப்பது நல்லது.

45 நாள் ஊசி போட்ட அன்றிரவு பேரனுக்கு நல்ல காய்ச்சல். தொடையும் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது. உப்பு ஒத்தடம் கொடுத்து நல்லெண்ணெய் தேய்த்தோம். அடுத்த ஊசிக்கு மகள் பயப்படுகிறாள்.
— வாசகி, பெரியபட்டினம்

காய்ச்சல் வருவது பெரும்பாலும் பென்டாவிலுள்ள கக்குவான் இருமல் மருந்தால். அதில் கொல்லப்பட்ட கிருமி முழு உருவில் இருக்கிறது. குழந்தையின் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்கும்போது சூடு ஏறுகிறது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் இறங்கிவிடும்.

ஒத்தடமும் எண்ணெயும் வேண்டாம். சூடு பட்டால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் வலியும் அதிகமாகும். தேய்த்தால் தசைக்குள் ஆழமாகப் போட்ட மருந்து கசிந்து, தோலுக்கடியில் கட்டியாக நிற்கும். ஊசி போட்டதும் பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் போதும். வீட்டில் சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, வீங்கிய இடத்தின் மேல் சும்மா போட்டு வையுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசாதீர்கள். பட்டாணி அளவில் ஒரு கெட்டி சில வாரம் வரை நிற்கலாம், தானாகக் கரையும். சிவந்து சூடாகிப் பெருத்துக்கொண்டே போனால் மட்டும் காட்டுங்கள்.

காய்ச்சல் மருந்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பாராசிட்டமால் அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 4 கிலோ குழந்தைக்கு 40 முதல் 60 மி.கி. டிராப்ஸ் பாட்டிலில் 1 மி.லி.க்கு 100 மி.கி. என்று போட்டிருந்தால் அது வெறும் 0.4 முதல் 0.6 மி.லி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றிருந்தால் 1.6 முதல் 2.4 மி.லி. இரண்டும் ஒரே மருந்து, ஆனால் செறிவில் நான்கு மடங்கு வித்தியாசம். ‘போன தடவை 2 மி.லி. கொடுத்தோம்’ என்று சிரப் அளவை டிராப்ஸில் ஊற்றினால் 200 மி.கி. உள்ளே போய்விடும். குழந்தையின் ஈரல் அதைத் தாங்காது. 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பும் கடையில் உண்டு. எனவே லேபிளைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். 500 மி.கி. மாத்திரையை ஒடித்துக் கரைப்பதும் கூடாது, கால் துண்டே 125 மி.கி. ஆகிவிடும். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஊசிக்கு முன்பே ‘வராமலிருக்க’ என்று கொடுப்பதும் தேவையில்லை. அன்று குழந்தையை எடை போடச் சொல்லி, அளவைச் செவிலியரிடமே கார்டின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். துணியால் சுற்றிப் போர்த்தாமல், மெல்லிய சட்டையோடு காற்றோட்டமாக விடுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு போனாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பும் மூச்சுத் திணறலும் 108 அழைக்க வேண்டியவை. கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஊசி போட்ட இடத்திலேயே 30 நிமிடம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான். பஸ் வந்துவிட்டது என்று எழுந்து ஓட வேண்டாம்.

உங்கள் பேரனுக்கு வந்தது எதிர்பார்க்கக்கூடிய காய்ச்சல்தான். 75 நாள் ஊசியைத் தயங்காமல் போடுங்கள். கக்குவான் இருமல் கைக்குழந்தைக்கு வந்தால் இருமி இருமி மூச்சே நின்றுவிடும். ஒரு தவணையோடு நிறுத்தினால் அந்த ஆபத்துக்குப் போதிய காப்பு கிடைக்காது.

நாங்கள் பனை ஏறும் குடும்பம். சீசனுக்கு வெளியூர் போய்விட்டதால் 75 நாள் ஊசியும் 105 நாள் ஊசியும் விட்டுப்போயின. இப்போது குழந்தைக்கு 5 மாதம். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். கேட்டதும் மனம் விட்டுப்போய்விட்டது.
— வாசகர், சாயல்குடி

முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதே இல்லை. போட்ட தவணை போட்டதுதான். எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் அது வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘திரும்ப முதலிலிருந்து’ என்ற பேச்சைக் கேட்டு மனம் சோர்ந்து மொத்தமாகவே நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. இதைப் படிப்பவர்கள் அப்படி யாரையாவது பார்த்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

வருகிற புதன்கிழமை போங்கள். பென்டா இரண்டாம் தவணை, போலியோ சொட்டு, ரோட்டா கிடைக்கும். பி.சி.வி.க்கும் போலியோ ஊசிக்கும் முதல் தவணைக்குப் பிறகு 8 வாரம் தாண்டிவிட்டதால், அவற்றின் இரண்டாம் தவணைக்கும் நேரம் வந்துவிட்டது. அன்றே போட முடியுமா என்று கேளுங்கள். 4 வாரம் கழித்து, அதாவது 28 நாள் முடிந்த புதன்கிழமை, பென்டா மூன்றாம் தவணை. நான்கு வார இடைவெளியைக் குறைக்கக் கூடாது, கூடினால் தவறில்லை. இடைவெளி குறைந்தால் முதல் தவணையின் வேலை முடியுமுன் இரண்டாவது வந்து, எதிர்ப்புச் சக்தி சரியாக ஏறாது.

தள்ளிப்போட முடியாத எல்லைகளும் சில உண்டு. அரசுத் திட்டத்தில் பி.சி.ஜி., ரோட்டா முதல் தவணை, பென்டா முதல் தவணை மூன்றையும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு முதல் தவணை முடிந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

அடுத்த சீசனுக்குப் போகும்போது கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். கார்டின் இரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, ஊரிலிருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மழையிலோ உப்புக்காற்றிலோ கார்டு நைந்தாலும் படம் இருக்கும். தடுப்பூசிக்கு ஊர் எல்லை கிடையாது. கரிமூட்டம் போடும் இடமானாலும், படகு கட்டும் வேறு கரையானாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடலாம். தாயின் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்ணைச் சொன்னால் பழைய பதிவைத் தேடுவது எளிது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்களுக்கும் இதுவேதான்.

துபாயில் பிறந்த பேத்தி. இரண்டாம் மாதம் ஆறு நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி போட்டார்கள். இப்போது நாலு மாதம், இங்கே வந்திருக்கிறார்கள். வலியில்லாத ஊசி தனியாரில் போடுவதா, அரசு ஊசியே போதுமா?
— வாசகி, கீழக்கரை

அங்கே போட்டது பென்டாவும் போலியோ ஊசியும் ஒன்றாகக் கலந்தது. அதை முதல் தவணையாகக் கணக்கில் எடுத்து, இங்கே அரசு பென்டாவிலேயே தொடரலாம். போலியோ ஊசி, பி.சி.வி., ரோட்டா எத்தனை தவணை போட்டார்கள் என்பதை அங்கத்திய கார்டைப் பார்த்துச் செவிலியர் முடிவு செய்வார். பி.சி.ஜி. போட்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். எல்லா நாட்டிலும் பிறந்தவுடன் போடுவதில்லை. இல்லையென்றால் இங்கே உடனே போடுங்கள்.

வலியில்லாத ஊசி என்று சொன்னாலும் குத்தும்போது அதுவும் வலிக்கத்தான் செய்யும். அதில் கக்குவான் கிருமியின் சில புரதங்கள் மட்டுமே இருப்பதால் பின்னால் வரும் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. அரசு ஊசியில் முழுக் கிருமி. காய்ச்சல் கூடுதல், ஆனால் கக்குவானுக்கு எதிரான காப்பு அதிக நாள் நிற்கிறது. எங்கள் கருத்தைக் கேட்டால், காய்ச்சலுக்குப் பயந்து மட்டும் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில், அரசுத் திட்டத்தில் இல்லாத டைபாய்டு ஊசியை 6 மாதத்துக்குப் பிறகு போடுங்கள். தண்ணீரை லாரியிலும் குடத்திலும் விலைக்கு வாங்கும் நம் கடலோரத்தில் அது கூடுதல் பயன் தரும். ஒன்பதாம் மாதம் எம்.ஆர்.க்குப் பதில் பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். தனியாரில் கிடைக்கும், அது உங்கள் விருப்பம்.

திரும்பிப் போகும்போது அங்குள்ள மருத்துவர் தேதியும் மருந்தின் பெயரும் கேட்பார். ‘போட்டாச்சு’ என்று டிக் அடித்த கார்டு உதவாது, இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தனியார் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசியை ராமநாதபுரத்தில் வாங்கி, மீன் ஐஸில் பொதிந்து பஸ்ஸில் கொண்டுவந்தோம். நன்றாகக் குளிர்ந்துதான் இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் போட மறுத்துவிட்டார். ஏன்?
— வாசகர், வாலிநோக்கம்

அவர் செய்தது சரி. தடுப்பூசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. அதற்கு மேலே போனாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உறைவதால் கெடுவதைத்தான் பலர் அறிவதில்லை. பென்டா, ஆறு நோய் ஊசி, மஞ்சள் காமாலை பி, பி.சி.வி. எல்லாவற்றிலும் அலுமினிய உப்பு மிக நுண்ணிய தூளாகக் கலந்திருக்கும். மருந்தின் வீரியம் அதோடு ஒட்டியிருக்கிறது. உடைத்த ஐஸ் நேரே குப்பியில் பட்டால், அதுவும் உப்பு தூவிய மீன் ஐஸ் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே போய், மருந்து உறைந்துவிடும். உருகிய பிறகு பார்த்தால், நல்ல குப்பியைக் குலுக்கும்போது நீர்த்த பால் போல ஒரே சீராக இருக்கிற திரவம், உறைந்த குப்பியில் செதில் செதிலாகத் திரிந்து சீக்கிரமே அடியில் படியும். அப்படிப்பட்ட ஊசி நோயைத் தடுக்காது, போட்ட இடத்தில் கட்டியும் வைக்கும்.

ஊசி மருந்தை வாங்கிச் சுமப்பதே வேண்டாம், குளிர்பெட்டியுள்ள மருத்துவமனையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை என்றால் கடைக்காரரிடம் கையில் எடுத்துச் செல்லும் குளிர்ப்பெட்டி கேளுங்கள். அதில் வைக்கும் ஐஸ் பொதியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வைக்கக் கூடாது. மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே நீர் அலம்பும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருந்து பிறகு வைக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர்கள் புதன்கிழமை காலை செய்வதும் இதைத்தான். மின்வெட்டு பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். சுகாதார நிலையத்திலுள்ள குளிர்பெட்டியின் சுவருக்குள்ளேயே ஐஸ் இருக்கிறது. ஒரு நாளில் 8 மணி நேரம் மின்சாரம் வந்தாலே அது குளிரைக் காத்துவிடும். குப்பியின் மேல் ஒரு வட்டமும் நடுவே சதுரமும் அச்சிட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள். வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் ஒரு மாதம் கழித்துச் சீழ் வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ தழும்பே இல்லை. யாருக்குச் சரியாக வேலை செய்தது?
— வாசகி, பாம்பன்

கவலைப்பட எதுவுமில்லை. போட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிறு கொப்புளம் எழும்பி, உடைந்து, ஆறித் தழும்பாவதுதான் இயல்பு. பிதுக்காதீர்கள், மருந்து தடவாதீர்கள், கட்டுப் போடாதீர்கள். சாதாரணமாகக் குளிப்பாட்டலாம். இடது அக்குளில் நெறி கட்டிப் பெரிதானாலோ, மென்மையாகிப் பழுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பு வராவிட்டாலும் பி.சி.ஜி.யை மறுபடி போடத் தேவையில்லை.

சளி, லேசான வயிற்றுப்போக்கு இருந்தால் ஊசி போடலாமா? குறைமாதத்தில் 1.8 கிலோவில் பிறந்த குழந்தைக்கு எடை ஏறும்வரை காத்திருக்க வேண்டுமா?
— வாசகி, தொண்டி

சளி, லேசான காய்ச்சல், ஆன்டிபயாடிக் சாப்பிடுவது, பல் முளைப்பது எதுவும் தடையில்லை. கடும் காய்ச்சலும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவு நோயும்தான் தள்ளிவைக்கக் காரணம். போலியோ சொட்டுக்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கலாம். சொட்டைத் துப்பிவிட்டால் உடனே மறுபடி கொடுப்பார்கள். ரோட்டா மருந்துக்குப் பிந்தைய வாரத்தில் குழந்தை காலை மடக்கி விட்டுவிட்டு அழுது, பச்சையாக வாந்தி எடுத்து, ரத்தமும் சளியுமாக மலம் போனால் குடல் செருகலாக (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது) இருக்கலாம். இது மிக அரிது, ஆனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே நாள் கணக்கு. 42 நாளில் பென்டா போடலாம், எடைக்காகக் காத்திருக்க வேண்டாம். சின்னக் குழந்தைக்குத்தான் நோய் வந்தால் தாங்கும் சக்தி குறைவு. பிறந்தவுடன் போட வேண்டியவை விட்டுப்போயிருந்தால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கேளுங்கள்.

போலியோ நம் நாட்டில் இல்லை என்கிறார்கள். பிறகு சொட்டு ஒன்று, ஊசி ஒன்று எதற்கு?
— வாசகர், தேவிபட்டினம்

இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. ஆனால் பக்கத்து நாடுகளில் இன்னும் இருக்கிறது, பயணிகளோடு வரக்கூடும். சொட்டு மருந்து குடலில் காப்பு தருகிறது. 2016 ஏப்ரலில் சொட்டிலிருந்து இரண்டாம் வகைக் கிருமியை நீக்கிவிட்டார்கள். அந்த வகைக்கும் சேர்த்து ரத்தத்தில் காப்பு தருவது ஊசிதான். போலியோ முகாமில் கொடுக்கும் சொட்டு இதற்கு மேல் கூடுதலாகக் கொடுப்பது. கார்டிலுள்ள தவணைக்கு அது பதிலாகாது.

என் மகனுக்கு எட்டாம் மாதம் மணல்வாரி போட்டுவிட்டது. ஒன்பதாம் மாத ஊசி இனி எதற்கு? அதோடு எல்லாம் முடிந்ததா?
— வாசகி, ஏர்வாடி

போட வேண்டும். உடம்பில் பொரிப்பொரியாக வருவதெல்லாம் மணல்வாரி ஆகாது, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வைரஸ் நோய்கள் பல. உண்மையிலேயே மணல்வாரி என்கிற தட்டம்மை வந்திருந்தாலும் ரூபெல்லாவுக்குக் காப்பு இந்த ஊசியில்தான். ரூபெல்லா கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும். நோய் முழுதாகக் குணமான பின் போடுங்கள்.

ஒன்பது மாதம் நிறையும் முன் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மருந்தை அடக்கிவிடும், அதனால் நாள் நிறையட்டும். இந்த மருந்தைத் தூளிலிருந்து கலக்கிய 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் போனால் குப்பி காலாவதியாகியிருக்கலாம், காலையிலேயே போங்கள். ஒரு குழந்தைதான் வந்திருக்கிறது என்றாலும் குப்பியைத் திறந்து போட வேண்டும் என்பது விதி, ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்றால் மரியாதையாக இதை எடுத்துச் சொல்லுங்கள். இந்த ஊசிக்குக் காய்ச்சல் அன்றிரவு வராது. 5 முதல் 12 நாளுக்குள் லேசான சூடும் சிறு தடிப்பும் வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி அந்த நோய் பரவும் மாவட்டங்களுக்கு மட்டுமே. அப்படிப்பட்ட மாவட்டத்தில் தாய்வீடு இருந்து அங்கேயே தங்கியிருந்தால் அங்குள்ள செவிலியர் போடுவார்.

ஒன்பதாம் மாதத்தோடு முடியவில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் எம்.ஆர். இரண்டாம் தவணை, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊக்க ஊசி, போலியோ சொட்டு, வைட்டமின் ஏ. பிறகு 5-6 வயதில் ஒரு முத்தடுப்பு ஊக்க ஊசி, 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னி-தொண்டை அடைப்பான் ஊசி. கார்டை அதுவரை பத்திரப்படுத்துங்கள்.